பால்பல் இல்லாத மீன்

ஜாதவ்பூர், கொல்கத்தா
6 ஜூலை 2025

ஏழுமலைக்கு,

போனில் பேசினால் நாம் கத்தத் தொடங்கிவிடுகிறோம். எழுதினால் அடித்துத் திருத்தலாம் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அதனால் எழுதுகிறேன். திருத்தித் திருத்தி இரண்டு தாள் குப்பைக்குப் போயிற்று.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் சாதனாவின் மீன் புது இனம் இல்லை.

கடிதத்தை வீசிவிடாதே, முழுக்கப் படி. நீ சுண்ணாம்புக்கல்லின் தரம் பார்க்கிற ஆள், மீன் உனக்கு அழையாத விருந்தாளி என்பது எனக்குத் தெரியும். அதனால் முதலிலிருந்து வருகிறேன். கைமேரா என்பது சுறாவுக்குத் தூரத்துச் சொந்தம். எலும்பே கிடையாது, உடம்பு முழுக்கக் குருத்தெலும்பு. செத்தால் அத்தனையும் மக்கிப் போய்விடும். முதுகில் இருக்கிற ஒரு முள்ளும், வாயில் இருக்கிற ஆறு பல்தகடுகளும்தான் பெரும்பாலும் கல்லாக மிஞ்சும். அந்தத் தகட்டை வைத்துக்கொண்டுதான் நாங்கள் முழு மீனையும் கட்டி எழுப்புகிறோம். எங்கள் துறையின் லட்சணம் அதுதான்.

இப்போது நீ வேலை பார்க்கும் சுரங்கத்துக்கு மேற்கே இருக்கிற ஓடையில், எட்டு வயதில் அவள் பொறுக்கியது அப்படி ஒரு கீழ்த்தாடைத் தகடு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இதுவரை யாரும் பார்க்காத குட்டை இனம் என்று நான்தான் கட்டுரை எழுதி, அவள் பெயரையே இனத்துக்கு வைத்தேன். கட்டுரை வெளியானபோது அவளுக்குப் பத்து வயது. வகுப்பில் எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும்.

எங்கள் மியூசியத்தில் அதே பாறையிலிருந்து வந்த இன்னொரு தகடு இருக்கிறது, உள்ளங்கை அளவு. வெள்ளைக்காரர் காலத்தில் யாரோ ஒரு கர்னலின் பெயரை அந்த மீனுக்கு வைத்திருக்கிறார்கள். போன மாதம் இரண்டையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன். உள்ளே சிப்பியை நொறுக்குகிற கடின மேடுகள் இரண்டிலும் ஒரே ஒழுங்கில் இருக்கின்றன. அவளுடையது தனி இனம் இல்லை, ஏழுமலை. கர்னலுடைய மீனின் குட்டி. வளர்வதற்குள் செத்துப்போன குட்டி.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் அடுப்படியில் நின்றேன்.

ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் பழைய பெயர்தான் நிற்கும், அது விதி. அவள் பெயர் போய்விடும். ஆனால் சின்னதும் பெரியதும் மட்டும் வைத்துக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. நடுவளவில் ஒரு தகடு வேண்டும், அதே சிப்பிப் பாறையிலிருந்து. அந்தப் பாறையைத் தினமும் வெட்டுகிற இடத்தில் நீ இருக்கிறாய். தேடித் தருவாயா?

பூங்கோதை


அரியலூர்
19 ஜூலை 2025

பூங்கோதைக்கு,

கடிதத்தை வீசவில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுரங்கத்துக்குப் போய்வந்ததில் வியர்வையில் பாதி எழுத்து ஊறிவிட்டது. ஊறாத பாதியே போதுமானதாக இருந்தது.

யார் உன்னைக் கேட்டார்கள்? இந்த மீனைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களை உலகம் முழுக்கத் திரட்டினாலும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அந்தப் பத்துப் பேரும் நிம்மதியாகத்தானே தூங்குகிறார்கள்? அந்தக் கர்னலுக்கு எங்கேயாவது ஒரு கல்லறை இருக்கும், ஒரு தெரு இருக்கும், அவர் கொன்ற புலியின் தோல்கூட இருக்கும். நம் பெண்ணுக்கு இருப்பது அந்த ஒரு சொல். அதையும் பிடுங்கி அந்த ஆளிடம் கொடுக்க வேண்டும், அதற்கு நான் கல் பொறுக்கித் தர வேண்டும். நன்றாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். அவளுக்குப் பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே நீ மியூசியத்துக்குக் கிளம்பிப் போனாய். என் அம்மாவும் உன் தம்பியும் வீட்டில் இருந்தார்கள், நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ தலையை வாரிக்கொண்டு, சாப்பாட்டு டப்பா எடுத்துக்கொண்டு போனாய். போய் அந்தக் கல்லோடுதான் உட்கார்ந்தாய். அன்றைக்கு உனக்கு அது தேவைப்பட்டது. இப்போது அதைக் குட்டி என்று சொல்லி அழித்துவிடலாம் என்று தோன்றுகிறதா?

நான் தேட மாட்டேன். வெடி வைக்கிற இடத்தில் எனக்கு வேறு வேலை இருக்கிறது.

ஏழுமலை


ஜாதவ்பூர்
2 ஆகஸ்ட் 2025

ஏழுமலைக்கு,

ஆமாம், போனேன். வீட்டில் அவளுடைய நீலத் தண்ணீர் பாட்டில் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க யாருக்கும் கை வரவில்லை, எனக்கும் வரவில்லை. மியூசியத்தில் பாட்டில் இல்லை, அதனால் போனேன். நீ என்ன செய்தாய்? சர்க்கார் வேலையை உதறிவிட்டு, அந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று அரியலூருக்குப் போய்ச் சுரங்கத்தில் சேர்ந்தாய். நான் பஸ் பிடித்து அரைமணி நேரத்தில் போகிற இடத்துக்குப் போனேன். நீ ஆயிரம் மைலுக்கு அப்பால் போனாய். இதில் யார் யாரைக் கேட்பது?

யார் கேட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அவள்தான் கேட்டாள்.

தகடு கிடைத்த அன்று ராத்திரி, லாட்ஜில். அவளுக்கு அப்போது மேல்வரிசையில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது, நாக்கால் தள்ளிக்கொண்டே பேசுவாள். "இந்த மீனுக்குப் பால்பல் விழாதாம்மா?" என்றாள். விழாது, சுறாவுக்குத்தான் பல் கொட்டிக் கொட்டி முளைக்கும், இது பிறக்கும்போது வந்த ஆறு தகட்டைத்தான் சாகிறவரை வைத்திருக்கும், பின்பக்கம் வளர்ந்துகொண்டே வரும், முன்பக்கம் தேய்ந்துகொண்டே போகும் என்றேன். ஆடுகிற பல்லை இன்னொரு தள்ளு தள்ளிவிட்டு, "அப்ப இது குட்டியோட பல்லா, பெரிய மீனோட பல்லா? எப்படித் தெரியும்?" என்றாள். "முன்னாடி தேஞ்சிருக்கு பாரு, அதனால பெரிய மீன். ஆனா குட்டை ஜாதி," என்று சொல்லி விளக்கை அணைத்தேன்.

முட்டையிலிருந்து வந்த நாளாகச் சிப்பி நொறுக்குகிற மீனுக்குக் குட்டியிலேயே பல் தேயும். இதை எந்த மாணவி தப்பாக எழுதியிருந்தாலும் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். என் மகள் கண்டெடுத்தது புதிதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசையில் தேய்மானத்தை வயது என்று படித்துவிட்டேன். அவள் சரியான கேள்வியைக் கேட்டாள். தப்பான பதிலை அவள் பெயரிலேயே அச்சடித்து வைத்திருக்கிறேன். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது கூசுகிறது. அதற்காகத்தான், கர்னலுக்காக இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஸ்கேன் மெஷின் கெட்டுக் கிடக்கிறது. நியூ டவுனில் ஒரு டயக்னாஸ்டிக் சென்டரில் தீபக் என்று ஒரு பையன், என்னிடம் படித்தவனின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இல்லாத நேரத்தில் வரச் சொன்னான். கல்லைப் பஞ்சில் சுற்றி மனிதர்கள் படுக்கிற மேசைமேல் வைத்தோம். பேஷண்ட் விவரம் கொடுக்காமல் மெஷின் ஓடாதாம். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "பேஷண்டேர் நாம்?" என்று பெயர் கேட்டான். யோசிக்கவே இல்லை, சாதனா என்று வந்துவிட்டது. வயது கேட்டான், பதினொன்று என்றேன். பெரிய தகட்டுக்கு மட்டும் சுதாரித்துக்கொண்டு என் பெயரைக் கொடுத்தேன்.

நடுவளவுத் தகடு வேண்டும். மறுபடியும் கேட்கிறேன், கடைசித் தடவையாக.

பூங்கோதை


அரியலூர்
24 ஆகஸ்ட் 2025

பூங்கோதைக்கு,

இங்கே ஒரு வாரமாக மழை. சுரங்கத்தில் படிபடியாக வெட்டிய பெஞ்சுகளில் கீழ் பெஞ்சில் தண்ணீர் நிற்கிறது, பம்ப் வைத்து இறைக்கிறார்கள்.

நீ கேட்டது கிடைக்கவில்லை. தேடினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வெடிக்கு முன்னால் பாறை முகத்தைச் சுற்றிப் பார்த்துவரவேண்டியது என் வேலை. பார்க்கும்போது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். சிப்பி நிறைய இருக்கிறது. ஒரு சுறாப்பல் கிடைத்தது, உனக்கு அது வேண்டாம் என்று அங்கேயே போட்டுவிட்டேன்.

அவள் அப்படிக் கேட்டது எனக்குத் தெரியாது. நான் அப்போது எங்கே போயிருந்தேன்? பரோட்டா வாங்கப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். நான் திரும்பி வந்தபோது அவள் தூங்கிவிட்டாள், எழுப்பிச் சாப்பிட வைத்தோம். இதை நீ இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லவே இல்லையே. அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது இன்னும் என்னென்ன வைத்திருக்கிறாய்?

நீல பாட்டில் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறதா?

ஏழுமலை


ஜாதவ்பூர்
15 செப்டம்பர் 2025

ஏழுமலைக்கு,

பாட்டில் அலமாரியில் இருக்கிறது. போன வருஷம் வைத்தேன்.

தெருமுனையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிவிட்டார்கள். சாயங்காலத்தில் டாக் மேளம் அடித்துப் பார்க்கிறார்கள். எனக்கு இந்த மாதம் ஆகாது என்பது உனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியேயும் இதே மேளம்தான். டெங்கு வார்டில் ரத்தத்தட்டு எவ்வளவு என்று நர்ஸ் சொல்வது காதில் விழாமல், நீ மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாய்.

மாடிவீட்டு புலு மாஷி நேற்று மாவிலை கேட்டு வந்தார். பேச்சுவாக்கில் "ஜும்கி இருந்தா இந்நேரம் பந்தல்ல நின்னிருப்பா" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார். இந்த ஊரில் எல்லோருக்கும் இரண்டு பெயர் அல்லவா, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கூப்பிட ஒன்று. சாதனாவுக்குக் கூப்பிடு பெயர் வைத்தது அவர்தான். நான் கோபப்படவில்லை. ஜும்கி என்று அவளை யாராவது கூப்பிட்டு நாளாகிவிட்டது.

எழுத வந்தது வேறு. கட்டுரையை நிறுத்திவிட்டேன். கம்ப்யூட்டரில் மூடி வைத்துவிட்டேன். நடுவில் ஒன்று கிடைக்காதவரை யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது, அந்தப் பெயர் இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குக் கூசினால் அது என் பாடு. நம் இருவருக்கும் நடுவில் இப்போது இருப்பது இந்தக் கடிதம் ஒன்றுதான், அதை ஒரு மீனுக்காகக் கெடுத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

இனிமேல் பார்க்க வேண்டாம். கண்ணில் பட்டாலும் அனுப்ப வேண்டாம்.

பூங்கோதை


அரியலூர்
14 செப்டம்பர் 2025

பூங்கோதைக்கு,

இத்துடன் வருகிற டப்பாவை அவசரமாகத் திறக்காதே. பஞ்சுக்குள் துணி, துணிக்குள் அது.

வியாழக்கிழமை காலையில் மூன்றாவது பெஞ்சில் பார்த்தேன். மழையில் மண் கழுவிப்போய், பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு விளிம்பு மட்டும் தெரிந்தது. நான் தேடிக்கொண்டுதான் இருந்தேன். ஜூலையிலிருந்தே. உன்னிடம் மாட்டேன் என்று எழுதிய மறுநாளிலிருந்தே. உனக்குத் தருவதற்கு இல்லை. எனக்கு முன்னால் வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது, கிடைத்தால் கிரஷரில் போட்டுவிட வேண்டும், அதற்குத்தான்.

எடுத்துக்கொண்டு கிரஷருக்கு நடந்தேன். போட்டிருந்தால் அது பொடியாகிச் சிமெண்ட் மூட்டையில் போய், எங்கோ யார் வீட்டுச் சுவரிலோ பூசியிருப்பார்கள். கையை நீட்டிவிட்டேன். அப்புறம், போடுவதற்கு முன்னால் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. சாதனாவின் தகட்டுக்கு நீ பிளாஸ்டரில் நகல் எடுத்துக் கொடுத்தாயே, அது எப்போதும் என் பர்ஸில் இருக்கும். எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

அதே வளைவு. அதே மூக்கு. நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஜூனில் வாங்கிய யூனிஃபார்ம் மார்ச்சில் முழங்காலுக்கு மேலே ஏறிவிடுமே, அந்த மாதிரி.

வெடிக்காரர் முத்துகிருஷ்ணன் வந்து, "சார், வெடி வைக்கலாங்களா?" என்று கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, டீ குடிச்சிட்டு வரேன் சார்," என்று ஆட்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, காரியத்தில் அழவில்லை. நீ டப்பா எடுத்துக்கொண்டு கிளம்பியபோது உன்மேல் ஆத்திரப்பட்டேனே தவிர, அப்போதும் அழவில்லை.

என் மண்டைக்குள் அவள் பதினொன்றிலேயே நிற்கிறாள், பூங்கோதை. அதே ஃபிராக், அதே ரெட்டைச் சடை. நீ அந்த மீனைக் குட்டை இனம் என்று சொன்னபோது எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. அதற்கு அவ்வளவுதான் வளர்த்தி, குறையொன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறது அல்லவா? குட்டி என்றால் அது வளர இருந்தது. வளர்ந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இந்தக் கல் காட்டுகிறது. அதைப் போய் அரைத்துவிட எனக்கு முடியவில்லை.

எழுதிவிடு. பெயர் போனால் போகட்டும். அவள் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிவிடு.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். இப்போது அனுப்பியிருப்பதற்கு என்ன வயது இருக்கும்?

ஏழுமலை


ஜாதவ்பூர்
12 அக்டோபர் 2025

அன்புள்ள ஏழுமலை,

அனுப்ப வேண்டாம் என்ற என் கடிதமும், அனுப்பிவிட்டேன் என்ற உன் டப்பாவும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நல்லவேளை, என் கடிதம் முந்தவில்லை.

டப்பாவை பூஜை விடுமுறை முழுக்கத் திறக்கவில்லை. விசர்ஜனம் முடிந்து தெரு அடங்கிய பிறகு திறந்தேன். துணியை விரித்துப் பார்த்தேன். அவளுடைய மஞ்சள் கைக்குட்டை. அது உன்னிடம் இருந்தது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாததை நான் வைத்திருப்பதாகக் கேட்டாயே, நீயும் வைத்திருக்கிறாய். துவைத்து வைத்திருக்கிறேன், திருப்பித் தருகிறேன்.

தகட்டைச் சொல்கிறேன். சந்தேகமே இல்லை. அதன் முன்நுனியில், தேய்ந்துபோகாமல் மிஞ்சியிருக்கிற ஒரு சிறு பகுதியில், சாதனாவின் தகட்டில் இருக்கிற அதே மேடுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் கர்னல் தகட்டின் அகலமான மேடுகள் ஆரம்பிக்கின்றன. சின்னதும் பெரியதும் ஒரே கல்லில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. கட்டுரையை மறுபடி திறந்துவிட்டேன். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் உன் பெயரும் வரும், வேண்டாம் என்று சொல்லாதே. அவள் பெயர் முழுக்க அழியாது. இனிமேல் யார் இந்த மீனைப் பற்றி எழுதினாலும், பழைய பெயருக்குக் கீழே, இப்படியும் ஒருகாலத்தில் அழைக்கப்பட்டது என்று அதையும் எழுதியாக வேண்டும். அதுவும் விதிதான்.

மியூசியத்தில் இழுப்பறைகளைப் பார்த்துக்கொள்கிற நரேன்தாவிடம் அட்டையில் பெயரை மாற்றச் சொன்னேன். அச்சடித்த அட்டையை மாற்றிவிட்டார். இழுப்பறைக்கு வெளியே அவர் கையால் வங்காளத்தில் 'ஜும்கிர் மாச்' என்று ஒட்டியிருந்த துண்டுத் தாளை மட்டும் தொடவில்லை. "பள்ளிக்கூடத்துப் பேரத்தானே மாத்தச் சொன்னீங்க தீதி," என்றார். ஜும்கியின் மீன் என்று அது அப்படியே இருக்கிறது. மூன்று தகடுகளையும் ஒரே தட்டில் வரிசையாக வைத்திருக்கிறோம். நீ வந்து பார்க்க வேண்டும். வீட்டுக்கு வர முடியாவிட்டால் நேராக மியூசியத்துக்கு வா, நான் வாசலில் நிற்கிறேன்.

வயது கேட்டிருந்தாய். பல்தகட்டை வைத்துக் கைமேராவின் வயதைச் சொல்ல முடியாது. சுறாவின் முதுகெலும்பில் இருப்பதுபோல வருஷக் கோடுகள் இதில் இல்லை. முதுகுமுள் கிடைத்தால் சில பேர் எண்ணிப் பார்க்கிறார்கள், அதையும் மற்றவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. நேர்மையான பதில், தெரியாது என்பதுதான். இன்னும் முழுதாக வளரவில்லை, வளர்ந்துகொண்டிருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அதை ஸ்கேனுக்கு நியூ டவுன் எடுத்துப்போனேன். தீபக் மேசைமேல் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். பழைய விவரம் அதில் அப்படியே இருந்தது. "சாதனா, சேம் பேஷண்ட்தானே மேடம்?" என்றான். ஆமாம் என்றேன். "வயசு பதினொண்ணுன்னு இருக்கு. அதேதானா, மாத்தணுமா?" என்றான்.

மாற்றச் சொன்னேன். பதினான்கு என்றேன்.

பூங்கோதை